ஆகக்குறைந்த விலை யாருடைய வயிற்றிலிருந்து வருகிறது?



கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

வைத்தியசாலை வார்டைக் கூட்டிக் கழுவும் சகோதரிகளும், அரச அலுவலக வாசலில் இரவிரவாக நிற்கும் காவலாளிகளும் பெரும்பாலும் அரச ஊழியர்கள் இல்லை. அரசாங்கம் கேள்வி கோரும், ஒரு கம்பனி ஆகக்குறைந்த விலைக்கு எடுக்கும், அந்தக் கம்பனியின் ஆட்கள்தான் இவர்கள். "குறைந்த விலைக்குக் கொடுத்தோம், மக்கள் பணம் மிச்சம்" என்று சொல்பவர்களிடம் ஒரு கணக்கு கேட்கிறோம்.

2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்கு மேல் தொழில்தருநர் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்ட வேண்டும். அது 4,500 ரூபா. ஆக ஒரு ஆளுக்கு 34,500, பத்துப் பேருக்கு 345,000. மேலதிக நேரம், சீருடை, சவர்க்காரம், கம்பனியின் இலாபம் எதுவும் இதில் இல்லை. அப்படியிருக்க, பத்துப் பேரை முழுநேரம் தருகிறேன் என்று ஒருவர் மூன்று இலட்சத்துக்கு விலை போட்டால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? சம்பளத்தில் வெட்டுவார், அல்லது சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவார், அல்லது எட்டுப் பேரை வைத்துப் பத்துப் பேர் என்று காட்டுவார். வேறு வழி கிடையாது. விலையைப் பார்த்த உடனேயே தெரியும் விடயம் இது. தெரிந்துகொண்டே கையெழுத்து வைப்பதற்குப் பெயர் சிக்கனமா?

சட்டம் இல்லாமலில்லை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இலேயே வந்தது. துப்புரவுச் சேவைக்கும் பாதுகாப்புச் சேவைக்கும் சம்பளச் சபைகள் இருக்கின்றன. ஆனால் விலைகளைத் திறக்கும் மேசையில் அந்தச் சட்டத்தை எடுத்து வைப்பது யார்?

அமெரிக்காவைப் புகழ நாங்கள் வரவில்லை. ஆனால் அங்கே 1965இல் வந்த சேவை ஒப்பந்தச் சட்டத்தைப் பாருங்கள். 2,500 டொலருக்கு மேற்பட்ட சேவை ஒப்பந்தம் என்றால், அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு என்ன கூலி என்ற நிர்ணயத்தை மத்திய அரச நிறுவனம் தொழில் திணைக்களத்திடமிருந்து முதலில் பெற வேண்டும். அதைக் கேள்விப்பத்திரத்திலும் ஒப்பந்தத்திலும் இணைக்க வேண்டும். கூலியைக் குறைத்துக் கொடுத்தால் கம்பனிக்குரிய காசை நிறுத்தி வைத்துத் தொழிலாளிக்குக் கொடுக்கலாம். மூன்று வருடம் அரச ஒப்பந்தமே எடுக்க முடியாமல் தடையும் வரலாம். அதாவது, கூலியைத் தீர்மானித்த பிறகுதான் விலைப் போட்டி. இங்கே விலைப் போட்டி முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் கூலி.

"குறைந்த விலையைத் தள்ளினால் கணக்காய்வில் மாட்டுவோம்" என்கிறார்கள் அதிகாரிகள். அதற்காகத்தான் சொல்கிறோம், தொழில் அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு அந்தக் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள். அந்தக் கடிதம் உங்களுக்கும் பாதுகாப்பு.

"விரும்பித்தானே வேலைக்கு வந்தார்கள்" என்கிறார்கள் சிலர். சட்டம் சொன்ன ஆகக்குறைந்த சம்பளத்தை எந்தக் கையெழுத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது. வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்று வருகிறவரின் சம்மதத்தை விருப்பம் என்று சொல்லவும் முடியாது.

"சம்பளம் கூடினால் ஆட்களைக் குறைப்பார்கள்" என்பது நியாயமான பயம். அப்படியென்றால் எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம் என்பதையும் கேள்விப்பத்திரத்தில் எழுதுங்கள்.

2021இல் நாங்கள் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி ஒன்லைன் வகுப்புகளை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் போராடினோம். எங்களுக்குச் சங்கம் இருந்தது, ஓய்வூதியமுள்ள தொழில் இருந்தது. பேசினால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்படக்கூடிய இவர்களுக்காகப் பேசுவது யார்? கூலி பற்றிய ஜும்ஆ பயானுக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து "மலிவாக முடிந்தது" என்று சந்தோசப்படுவதில் என்ன அர்த்தம்?

ஆகவே நம்மூர் அரச நிறுவனங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்போம்.

1. கேள்வி கோருமுன் உரிய சம்பள அளவைத் தொழில் அலுவலகத்திடம் எழுத்தில் பெற்றுக் கேள்விப்பத்திரத்தில் இணைக்க வேண்டும்.

2. விலை போடுபவர் ஒரு ஆளுக்கான சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி என்று பிரித்துக் காட்ட வேண்டும். சட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த விலை நிராகரிக்கப்பட வேண்டும்.

3. சம்பளப் பட்டியலையும் நிதியம் கட்டிய பற்றுச்சீட்டையும் பார்த்த பிறகே கம்பனிக்கு மாதக் காசு போக வேண்டும்.

வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கேட்கலாம். மற்றவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும்.

விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாருங்கள். தமிழில் எழுதித் தருகிறோம்.