பவளத்தின் நிறம் எங்கே இருக்கிறது?

நமது அறிவியல் கூடத்தின் சன்னலோரம் காலியாக நிற்கும் கண்ணாடித் தொட்டியை அறியாத மாணவியர் இரார். அடுத்த கல்வியாண்டில் அதிலே கடல்நீர் நிரப்பி, உயிருள்ள பவளங்களை வளர்த்தால் என்ன என்னும் யோசனைக்குத் தோழியரிடையே பலத்த வரவேற்பு இருக்கிறது. ஊதாவும் இளஞ்சிவப்பும் பச்சையுமாய் மின்னும் படங்களைக் கண்டால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆயினும் அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள் அது வேண்டாம் என்கிறோம். முதற்காரணம் செலவு அன்று, அந்த நிறமேதான்.

பவளம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது பவளமாலை. அந்தச் சிவப்புப் பவளம் நம் கடலில் விளைந்ததன்று. மத்தியதரைக் கடலிலிருந்து கப்பலேறி வந்தது. சென்னை மண்ணடியில் பவளக்காரத் தெரு என்றே ஒரு தெரு உண்டு. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்திலிருந்து பவளத்தை வரவழைத்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பிய யூத வணிகர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சென்னையில் வாழ்ந்தார்கள். அந்தப் பவளத்தின் சிவப்பு அதன் எலும்பிலேயே ஊறியது. வெளிச்சம் குன்றிய ஆழத்திலும் கடற்குகைகளிலும் வளர்வது அது. உயிர் போன பின்பும், பாட்டியின் கழுத்திலிருந்து பேத்தியின் கழுத்துக்கு மாறிய பின்பும், சிவப்பாகவே இருக்கும்.

பவளப்பாறைகளைக் கட்டும் பவளமோ வேறு. அதன் எலும்பு வெறும் சுண்ணாம்பு, வெள்ளை. நிறமெல்லாம் மேலே போர்த்திய மெல்லிய சதையில் இருக்கிறது. அந்தச் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே வாடகையாகச் செலுத்திவிடுகின்றன. இப்பாசிகளின் நிறம் பழுப்பு. பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவை பெரும்பாலும் பவளம் தானே செய்துகொள்ளும் புரதங்களின் நிறம். எதற்காகச் செய்கிறது? நம் கண்ணுக்கு விருந்தளிக்கவா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிபுரியும் தந்தையரைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். வெல்டிங் செய்பவர் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்த ஒளியை நோக்குவதில்லை அன்றோ? ஆழங்குறைந்த நீரில் உச்சி வெயிலைத் தாங்கும் பவளமும் ஊதா, இளஞ்சிவப்பு நிறமிகளைத் திரையாக இட்டுக்கொள்கிறது. மிதமிஞ்சிய ஒளி உள்ளிருக்கும் பாசியைத் தாக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. பாசி இன்னும் நிறையக் குடியேறாத இளங்கிளை நுனிகளில் அந்நிறம் மிகுதி.

ஆழத்தில் கதை வேறு. நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். பத்து மீட்டர் இறங்குவதற்குள் அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நீலம்தான் ஆழம்வரை செல்கிறது. அங்கே வாழும் சில பவளங்கள் நீல ஒளியை வாங்கி, ஆரஞ்சு சிவப்பு ஒளியாக மாற்றி, சதையின் உட்புறத்துப் பாசிக்கு எட்டச் செய்கின்றன. ஒரே குடும்பத்துப் புரதங்கள் மேலே குடை, கீழே விளக்கு! நிழலில் வைக்கப்பட்ட பவளமோ, கிடைக்கிற சிறிது வெளிச்சத்தையும் தவறவிடாதபடி பாசியின் நிறமி பெருகிப் பழுப்பேறுகிறது.

மேனாடுகளில் பவளத்தொட்டி வைத்திருப்போர் இதை நன்கறிவர். கிளைவிடும் அக்ரோபோராவை விளக்கருகே உயரத்தில் வைப்பார்கள்; மூளைப் பவளம் போன்ற சதைப்பற்று மிகுந்தவற்றைத் தாழ்வாகவும், காளான் வடிவினதை நிழலிலும் வைப்பார்கள். புதிதாக வந்ததை அடியில் இருத்தி, வாரக்கணக்கில் படிப்படியாக மேலேற்றுவார்கள். எடுத்த எடுப்பில் உச்சியில் வைத்தால் வெளுத்துப் போகலாம். ஒளி விரும்பியை அடியிலேயே விட்டுவிட்டால் ஆசைப்பட்டு வாங்கிய நிறம் பழுப்பாகிவிடும். பொறுமை மிக்க கலை இது, மறுக்கவில்லை. உயிரணு ஆய்வுக்கு இன்று பெரிதும் பயன்படும் சிவப்பு ஒளிர்புரதத்தை 1999இல் உருசிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தியதும், மீன்தொட்டியில் வளர்ந்த காளான் வகையிலிருந்துதான்.

ஆனால் விற்பனைப் படங்களில் நாம் காணும் மின்னலில் ஒரு பங்கு விளக்குக்குச் சொந்தம். நீல எல்.இ.டி. விளக்கின் கீழ் ஒளிரும் பவளம் பகல் வெளிச்சத்தில் மிகவும் அடங்கித் தோன்றும். துணிக்கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பார்த்த பிறகே நம் தாய்மார் விலை கேட்பார்கள். அந்த எச்சரிக்கை இங்கும் தேவை.

எங்களை மிகவும் சிந்திக்க வைத்தது இங்கிலாந்தின் சவுதாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட செய்தி. கடல் சூடேறும்போது பவளம் தன் பாசிகளை இழந்து வெளிறுகிறது. ஆனால் சில பவளங்கள் வெள்ளையாகாமல் கண்ணைப் பறிக்கும் நிறம் கொள்கின்றன. பாசி நீங்கிய சதைக்குள் புகும் ஒளி வெள்ளை எலும்பில் பட்டுத் தெறித்து இன்னும் மிகுகிறது. அதுவே பவளத்தைத் தூண்டி நிறமியைப் பெருக்கச் செய்கிறது. பாசி திரும்பி வருவதற்கு நிழல் அமைக்கும் முயற்சி அது! ஆக, அது மிக அழகாகத் தோன்றும் நேரம் அது வாடும் நேரமாகவும் இருக்கலாம். காய்ச்சலில் சிவந்த கன்னத்தைக் கண்டு, பிள்ளை என்ன அழகு என்று சொல்வாருண்டோ?

நம் தமிழ்நாட்டுப் பவளங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை ஒட்டிப் பவளப்பாறைகள் உள்ளன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்த காலத்தில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையிலோ வெப்பமே பகையானது. 2015இல் ஏறத்தாழ 39 சதவிகிதமாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு, 2016க்குப் பின் 23 சதவிகித அளவுக்கு இறங்கியது. தூத்துக்குடி ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் பொருத்திக் கடலடியில் நட்டு வருகிறார்கள். அங்கேயும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்பதே முதற்கேள்வி.

பழவேற்காட்டிலிருந்து கடல்நீர் கொண்டுவந்தால் போதாதா என்பார்கள் சிலர். பவளத்துக்குத் தெளிந்த, உப்புக் குறையாத நீர் வேண்டும். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வண்டலும் நன்னீரும் சேர்க்கும் நம் மாவட்டக் கரை அதற்கு ஏற்றதன்று. மின்சாரம் நின்றால் விளக்கோடு நீரோட்டமும் நிற்கும். மே மாதம் பள்ளி பூட்டியிருக்கும்போது தொட்டிக்கு யார் காவல்? சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் நம் கடலின் கல்பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றுள்ளன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

தொட்டி காலியாகவே கிடக்கட்டும் என்று சொல்லவில்லை. கொளத்தூரில் கிடைக்கும் கப்பி மீன்களும் சில ஹைடிரில்லாக் கொடிகளும் போதும். விளக்கை அருகிலும் தொலைவிலும் வைத்து, கொடியிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ணினால், ஒளிக்கும் இடத்துக்கும் உள்ள உறவு ஆறாம் வகுப்புத் தங்கைக்கும் விளங்கிவிடும். பவளத்தைக் காண விரும்புவோர்க்கு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களும் பெற்றோரும் மனம்வைத்தால், அடுத்த ஆண்டுச் சுற்றுலாவை அத்திசை நோக்கி அமைக்கலாம். தொட்டிக்கென்று ஒதுக்க நினைத்த தொகை பேருந்துக் கட்டணத்துக்கு உதவும்.