தேற்றம் தெரியும், கட்டம் தெரியுமா?

மின்வலைத் தேற்றங்களைக் கேள்விப்படாத இயற்பியல் மாணவர் நம்மில் எவருமிலர். தெவனின் தேற்றத்தை நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்துவிடுவோம். ஆனால் அதையே மாறுதிசை மின்னோட்டச் சுற்றில் கையாளச் சொன்னால் பலர் தடுமாறுகிறோமே, ஏன்? பாடம் கடினம் என்பர் சிலர். பயிலும் முறையே பழுது என்பது என் துணிபு.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 3 ஓம் மின்தடையும், 50 ஹெர்ட்ஸில் 4 ஓம் மறுப்புள்ள கம்பிச்சுருளும் தொடராக இணைந்துள்ளன. சுருளின் சொந்தத் தடையை விட்டுவிடுவோம். 10 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால், வோல்ட் மீட்டர் தடையின் குறுக்கே 6 என்றும் சுருளின் குறுக்கே 8 என்றும் காட்டும். ஆறும் எட்டும் பதினான்கு, கொடுத்ததோ பத்து! 1845இல் கிர்க்காஃப் வகுத்த விதி பொய்த்துவிட்டதா? இல்லை. மீட்டர் அளவைச் சொல்லும், கட்டத்தைச் சொல்லாது. தடையின் மின்னழுத்தம் மின்னோட்டத்தோடு ஒன்றி நடக்கிறது. சுருளின் மின்னழுத்தமோ கால் சுழற்சி முந்தி நிற்கிறது. ஆகவே இரண்டும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலச் சேர்ந்து, கர்ணமாகிய பத்தைத் தருகின்றன.

அளவையும் கட்டத்தையும் ஒரே கலப்பெண்ணில் அடக்கிக் கணக்கிடும் வழியை, 1893இல் சிகாகோ மின்னியல் மாநாட்டுக்கு அளித்த கட்டுரையில் ஸ்டைன்மெட்ஸ் விளக்கினார். தெவனின் தம் தேற்றத்தை வெளியிட்டது அதற்குப் பத்தாண்டு முன்பு, 1883இல். எனினும் தேற்றத்தின் நிறுவலை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்கு வேண்டுவது சுற்றின் நேரியல்பு ஒன்றே.

அப்படியானால் தடை என்ற இடத்தில் இம்பீடன்ஸ் என்று எழுதினால் போதாதா என்பீர்கள். போதாது. மேற்கண்ட சுற்றையே மூலமாகக் கொண்டு, பெருமத் திறன் பெறும் சுமையைத் தேடுவோம். மூலத்தடைக்குச் சமமாக 3 ஓம் வைத்தால் சுமை பெறுவது 5.77 வாட். இம்பீடன்ஸின் அளவுக்குச் சமமாக 5 ஓம் தடை வைத்தால் 6.25 வாட். 3 ஓம் தடையோடு 4 ஓம் மறுப்புள்ள மின்தேக்கியைத் தொடராகச் சேர்த்தாலோ 8.33 வாட்! சுருளின் மறுப்பைத் தேக்கி ஈடுசெய்துவிடுகிறது. அதிர்வெண்ணை 100 ஹெர்ட்ஸ் ஆக்கினால் சுருளின் மறுப்பு 8 ஓம் ஆகும்; தேக்கியினுடையது 2 ஓம் ஆகும்; பொருத்தம் குலைந்து, திறன் 4.17 வாட்டுக்கு இறங்கிவிடும். மின்கலத்தை மட்டும் வைத்துச் சோதனை செய்பவன் இந்த நான்கு எண்களையும் காணவே முடியாது.

பாடத்திட்டம் நீண்டது, நேரமில்லை என்ற மறுப்பு எழலாம். அதே பலகையில் அலையாக்கியையும் ஆசிலாஸ்கோப்பையும் இணைக்க ஒரு பிற்பகல் போதாதா? கணிப்பொறி நிரலே விடை தருமே என்றும் சொல்லலாம். தரும், நாம் கேட்டதற்குத் தரும். சுருளின் சொந்தத் தடையைச் சேர்க்க மறந்தால், அதை நினைவூட்டாமல் பிழையான விடையையே அழகாக அச்சிட்டுத் தரும். ஐயுறத் தெரிந்தவனுக்கே நிரல் துணை.

எனவே நண்பர்களே, இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வொரு தேற்றச் சோதனையையும் மாறுதிசை மின்னோட்டத்தில், இரண்டு அதிர்வெண்களிலாவது செய்து பார்க்க வேண்டுமென ஆசிரியர்களைப் பணிவோடு கேட்போம். அடுத்து, நம் சங்க அறையில் வாரம் ஒரு மாலை கூடி, ஒருவர் ஒரு தேற்றத்தைத் தமிழில் விளக்கட்டும். தமிழ்வழி பயின்று இங்கு வந்து, ஆங்கிலச் சொற்களுக்கு அஞ்சி வகுப்பில் வாய் திறவாதிருக்கும் தம்பி தங்கையருக்கு அது துணையாகும். விளக்குகிறவருக்கோ இன்னும் பெரிய துணை: சொந்த மொழியில் சொல்லப் புகுந்தால் மனப்பாடம் ஒளிந்துகொள்ள இடமிராது. முதல் மாலைக்கு ஆறும் எட்டும் பத்தாகும் கணக்கோடு நான் வருகிறேன். நீங்கள் ஐயங்களோடு வாருங்கள்.