கன்றுக்குரிய சீம்பால்

பசு ஈன்றதும், நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடலாகாது என்று நம் கிராமங்களில் பரம்பரையாக நிலவிவரும் நம்பிக்கையைக் காட்டிலும் அந்த வாயில்லா ஜீவனுக்குத் தீங்கிழைப்பது வேறொன்று உண்டோ என்பது எனக்குச் சந்தேகமே. மனித சிசுவுக்குக் கர்ப்பத்திலேயே ஓரளவு கிட்டிவிடுகிற நோயெதிர்ப்புச் சக்தி, பசுவின் நஞ்சுக்கொடி அமைப்பின் விசேஷத்தால் கன்றுக்குக் கிட்டுவதில்லையாதலால், சீம்பாலில் செறிந்துள்ள எதிர்ப்புப் புரதங்களே அதற்கு ஆதாரம். அவற்றைச் சிதைக்காமல் இரத்தத்தில் சேர்க்கும் திறனோ, முதல் 6 மணி நேரத்துக்குப் பின் வேகமாகக் குன்றி, ஒரு நாளைக்குள் கன்றின் குடலைவிட்டு அற்றே போகிறது. நஞ்சுக்கொடி விழவோ சில சமயம் 12 மணி நேரம்கூட ஆகலாம். ஈரம் உலராத உடம்போடு, கால்கள் தடுமாற, தாயின் முன்னங்காலிடையே முட்டி முட்டி மடியைத் தேடும் கன்றை அத்தனை நேரம் கட்டிவைப்பது என்ன நியாயம்? எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்குச் சுமார் 3 லிட்டர் சீம்பாலை முதல் நாளிலேயே ஊட்டிவிட வேண்டும். வெல்லமும் ஏலமும் சேர்த்து அவித்த சீம்பாலை அண்டை வீட்டாருக்கு அனுப்பும் அழகிய வழக்கத்தைக் குறைகூற மனம் ஒப்பவில்லை. கன்று உண்டு மிஞ்சியதை அனுப்பட்டும். மேலும், கன்று ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின் கருப்பையைச் சுருங்கச் செய்து, நாம் காத்திருக்கும் அந்த நஞ்சுக்கொடி விழுவதற்கே துணைபுரிகிறது.