நிமிர்ந்து நிற்கவேண்டிய திரைகள்

கணினித் திரை ஏன் அகலமாக இருக்கவேண்டும் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. கடையில் அடுக்கப்பட்டிருப்பவை எல்லாம் அகலமானவை. ஆகவே அகலமானதையே வாங்கி வருகிறோம். ஆனால் நாம் நாள்தோறும் வாசிப்பவையோ நெடியவை. புத்தகத்தின் பக்கம் நெடியது, கடிதத்தாள் நெடியது, பத்திரிகைப் பக்கமும் நெடியதே. படம் பார்ப்பவருக்காகச் செய்த பொருளை வாசிப்பவரின் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதே என் கருத்து.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1973இல் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ட்டோ ஆய்வுகூடத்தில் உருவான அல்ட்டோ கணினியின் திரை, 606 பிக்சல் அகலமும் 808 பிக்சல் உயரமும் கொண்டு, கடிதத்தாளை நிமிர்த்தி வைத்தாற்போல நின்றது. 1989இல் அப்பிள் நிறுவனம் 640 பிக்சல் அகலமும் 870 பிக்சல் உயரமும் உடைய நெடுந்திரை ஒன்றை விற்பனைக்கு விட்டது. தட்டைத் திரைகள் வந்த பின்னரும் 5:4, 16:10 என்ற விகிதங்களில் ஓரளவு உயரம் எஞ்சியிருந்தது. 2008ஆம் ஆண்டுக்குப் பின்னர் படிப்படியாக அவற்றின் இடத்தை 16:9 என்னும் தொலைக்காட்சி விகிதம் பிடித்துக்கொண்டது. தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் ஒரே அளவில் தகடு வெட்டுவது ஆலைகளுக்கு இலாபம். வாசிப்பவரின் வசதி அந்தக் கணக்கில் சேரவில்லை.

தமிழர் ஆதியில் அகலமான ஏட்டில் தானே வாசித்தார்கள் என்று எவரேனும் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஓர் ஏட்டில் உள்ளவை சில வரிகள் மாத்திரமே. அங்கே அகலத்தைத் தீர்மானித்தது பனை. இன்று தீர்மானிப்பது ஆலை. காகிதமும் அச்சும் வந்தவுடன் நாமும் நெடும்பக்கத்துக்கு மாறிவிட்டோம்.

பரிகாரம் எளிது. திரையைத் தொண்ணூறு பாகை திருப்பி நிறுத்துவதே அது. பக்க வடிவமைப்பாளர்களும் மென்பொருள் எழுதுவோரும் இவ்வாறு இரண்டு மூன்று திரைகளை அருகருகே நிறுத்தி வேலை செய்கிறார்கள். ஆயினும் எல்லாத் திரைகளும் திருப்புவதற்கு ஏற்றவை அல்ல. விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் அங்குலக் கணக்கை நம்பிக் கொள்வனவு செய்வோர் ஏமாறுவது இங்கேதான்.

அளவைத் தெரிவு செய்யவேண்டியது தாளைக் கொண்டே. 24 அங்குல, 16:10 திரையை நிமிர்த்தினால் ஏறத்தாழ 32.3 சென்ரிமீற்றர் அகலமும் 51.7 சென்ரிமீற்றர் உயரமும் கிடைக்கும். பிரான்சின் ‘லு மொண்ட்’ பின்பற்றுவதும், 2005 முதல் 2018 வரை இலண்டன் ‘கார்டியன்’ பின்பற்றியதுமான பேர்ளினர் பக்கம் 31.5க்கு 47 சென்ரிமீற்றர். அது முழுவதும் உண்மை அளவிலேயே இத்திரையில் அடங்கிவிடும். டப்ளொயிட் பக்கமும் ஏ3 தாளும் அவ்வாறே. 32 அங்குலத் திரையை நிமிர்த்தினால் உயரம் 70 சென்ரிமீற்றரைத் தாண்டும். மேல் வரியைப் படிக்க நாள் முழுதும் அண்ணாந்தே இருக்கவேண்டும். 27 அங்குலத்தை எல்லையாகக் கொள்வது கழுத்துக்கு நல்லது.

அளவிலும் முக்கியமானது எழுத்தின் துலக்கம். 27 அங்குலத் திரையில் 1920க்கு 1080 பிக்சல்களே இருப்பின், ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்கள் தான் அமையும். 24 அங்குலத்தில் 1920க்கு 1200 எனில் 94. 27 அங்குலத்தில் 3840க்கு 2160 எனில் 163. இது வெறும் எண் விளையாட்டு அன்று. நிதி அமைச்சர், நீதி அமைச்சர் ஆகிய இரு சொற்றொடர்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு சிறு சுழி மாத்திரமே. பருக்கன் திரையில், சிறிய எழுத்தில், இரவு பதினொரு மணிக்கு அந்தச் சுழி கண்ணுக்குத் தப்பிவிடும். மெய்யெழுத்தின் புள்ளியும் அப்படித்தான்.

திருப்பும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. மைக்ரோசொஃப்ட்டின் கிளியர்ரைப் முறை, பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் பக்கம் பக்கமாக நிற்பதை நம்பியே எழுத்தின் விளிம்பைச் செப்பனிடுகிறது. திரையைத் திருப்பினால் அவை மேலும் கீழுமாகிவிடும். எழுத்தோரத்தில் நிறம் கசியும். அம்முறையை நிறுத்திவிடலாம்; பிக்சல் நெருக்கமான திரையை வாங்குவது அதைவிடச் சிறந்தது.

மலிவான ரி.என். வகைத் திரைகளைத் திருப்பவே கூடாது. மேலும் கீழுமிருந்து பார்த்தால் நிறம் மாறுவது அவற்றின் இயல்பு. திருப்பிய பின் அக்குறை இடமும் வலமுமாகி, இரு கண்களுக்கும் இருவேறு வெளிச்சம் தெரியும். 1996இல் ஹிற்றாச்சி சந்தைக்குக் கொணர்ந்த ஐ.பி.எஸ். வகையே இதற்கு உகந்தது. வளைந்த திரை நிமிர்த்துவதற்கு ஆகாது.

எத்தனை திரைகள் என்பதிலும் நிதானம் வேண்டும். சரிசமமாக இரண்டை வைத்தால் இடையிலுள்ள விளிம்பு மூக்குக்கு நேரே நிற்கும். ஒன்றை நேரே வைத்து மற்றதைப் பக்கவாட்டில் வைக்கவேண்டும். அல்லது மூன்றாக வைக்கவேண்டும். எல்லாம் ஒரே மாதிரியில், ஒரே வேளையில் வாங்கப்பட்டவையாக இருந்தால் நிறம் ஒத்திருக்கும். தாங்கி சுழலக்கூடியதா, இல்லையெனில் பின்புறத்தில் 100 மில்லிமீற்றர் இடைவெளியில் நான்கு வெசா துளைகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். கணினி எத்தனை திரைகளை ஏற்கும் என்பதையும் முன்கூட்டியே அறிதல் நன்று. 2020இல் வந்த எம்1 மக்புக் எயார் ஒரேயொரு வெளித்திரையையே ஏற்றது.

ஆலைகள் முற்றாகச் செவிடாகிவிடவில்லை. 2022இல் எல்.ஜி. நிறுவனம் 16:18 விகிதத்தில், அகலத்தைவிட உயரம் கூடிய ‘டுவல்அப்’ திரையை வெளியிட்டது. வாசிப்போர் கேட்டால் இத்தகையவை பெருகும்.

பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்குநர்கள் அருகிவரும் காலம் இது. எழுதுபவரே வடிவமைத்து, அவரே பிழையும் பார்க்கவேண்டியிருக்கிறது. அவருக்கு முன்னால் ஓர் அகலத் திரையை வைத்துவிட்டு, பக்கத்தை அரையரையாக உருட்டி உருட்டிப் பார் என்கிறார்கள். செலவைக் குறைக்கும் நிருவாகிகள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். நிதி அமைச்சரின் செயலை நீதி அமைச்சர் மீது சுமத்திவிட்டு, மறுநாள் உள்பக்கத்தின் மூலையில் திருத்தம் வெளியிடுவதால் இழக்கும் நம்பிக்கையைவிட, இரண்டு நல்ல திரைகளின் விலை மிகக் குறைவு.