பெரிய டயரும் சுமைகூலிக் கணக்கும்

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது நம் முன்னோர் சொல். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் செலவு விளைந்த பொருளின் விலையையே விழுங்கிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. மாட்டு வண்டி போய்ப் பிக்கப் வேன் வந்துவிட்ட இந்நாளிலும் அச்சொல் பழையதாகிவிடவில்லை. ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளியும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு, விலை சரிந்த நாளிலும் டீசல் செலவு ஒரு காசும் குறைவதில்லை.

இந்நிலையில், பிக்கப் வேன்களுக்குக் கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட உயரமும் அகலமும் கனமும் உள்ள டயரை மாட்டும் பழக்கம் பரவி வருகிறது. வண்டி மிடுக்காகத் தெரியும், பள்ளம் மேடு தெரியாது, பாரம் கூடுதலாகத் தாங்கும் என்று காரணங்கள் கூறப்படுகின்றன. 'டீசல் பாதியாய்க் குடிக்கும்' என்று ஒரு சாராரும், 'ஒன்றும் ஆகாது' என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரண்டும் சரியன்று. நட்டம் உண்டு. அது பாதியும் அன்று, அலட்சியப்படுத்தத்தக்கதும் அன்று.

டயரில் உள்ள எண்கள்

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். 215/75 ஆர் 15 என்றால், டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 75 சதவீதம் டயரின் பக்க உயரம். 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இக்கணக்கின்படி சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். அதே ரிம்மில் 235/75 டயரை மாட்டினால் விட்டம் சுமார் 733 மில்லிமீட்டர் ஆகிறது. பார்வைக்கு 3 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி போகும் தூரம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடிவிடுகிறது.

மீட்டர் சொல்லும் பொய்

இந்த 4 சதவீதம் மீட்டருக்குத் தெரியாது. பழைய சக்கர அளவுக்கு அமைக்கப்பட்ட மீட்டர் சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது. வண்டி உண்மையில் 104 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது அது 100 என்றே காட்டும். எனவே மைலேஜ் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததுபோல் தோன்றும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி பெரிய டயர் மாட்டியபின் உண்மையில் 11.4 கொடுத்தாலும், மீட்டர்க் கணக்கில் 10.9 என்றே வரும். 'பாதியாய்க் குடிக்கிறது' என்ற பேச்சுக்கு இதுவும் ஒரு காரணம்.

கிலோமீட்டர்க் கணக்கில் வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு இதில் வேறொரு நட்டமும் உண்டு. 104 கிலோமீட்டர் ஓடி 100-க்கு மட்டும் வாடகை வாங்குவார்கள். மீட்டரைப் பார்த்து ஆயில் மாற்றுவதும் தள்ளிப்போகும்.

டீசல் எங்கே போகிறது?

டயர் சாலையில் உருளும்போது தரையைத் தொடும் பகுதி நசுங்கி மீண்டும் நிமிர்கிறது. இவ்வாறு ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்வதில் கொஞ்சம் சக்தி வெப்பமாகிப் போகிறது. நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியின் டயரைத் தொட்டால் சுடுகிறதல்லவா? அந்தச் சூடு நாம் விலை கொடுத்து வாங்கிய டீசலே. இதை உருளும் தடை என்பர். நல்ல தார்ச்சாலையில் ஒரு டன் எடையை உருட்டிச் செல்ல ஏறத்தாழ 10 கிலோ இழுவிசை தேவைப்படும். ஆழமான பட்டன்களும் தடித்த ரப்பரும் கொண்ட காட்டுப்பாதை டயர்களில் இது 12, 13 கிலோ வரையும் போகலாம்.

டயர் உயரமாக இருப்பதால் மட்டும் உருளும் தடை கூடிவிடாது. கூட்டுவது பட்டனின் ஆழமும் ரப்பரின் கனமும் குறைந்த காற்றுமே. கார்களைப் பற்றி அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி வாரியம் 2006-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உருளும் தடை 10 சதவீதம் மாறினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 சதவீதம் மாறும். பாரமேற்றும் வண்டிக்கு இதையே அப்படியே பொருத்திவிட முடியாது எனினும், தடை 30 சதவீதம் கூடினால் எரிபொருள் 3 முதல் 6 சதவீதம் கூடும் என்று உத்தேசமாகக் கொள்ளலாம்.

அடுத்தது எடை. ஒவ்வொரு டயரும் 4 கிலோ கூடினால் நான்கு டயருக்கும் 16 கிலோ. சுழலும் சக்கரத்தின் ஓரத்தில் உள்ள எடையை முன்னோக்கித் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகையால் வண்டியைக் கிளப்பி வேகமெடுக்கும்போது அந்த 16 கிலோ ஏறத்தாழ 30 கிலோவுக்குச் சமமாகிறது. அதாவது இரண்டு தக்காளிப் பெட்டிகள். ஒன்றரை டன் பாரத்தில் இது பெரிதன்று. நின்று நின்று போகும் ஊர்ப்பாதையில் மட்டும் சற்று உறைக்கும்.

மூன்றாவது கியர். சக்கரம் 4 சதவீதம் பெரிதானால் அதே கியரில் இழுக்கும் பலம் 4 சதவீதம் குறைகிறது. சமதளத்தில் காலி வண்டிக்கு இஞ்சின் சற்று மெதுவாகச் சுற்றுவதால் சிறு இலாபங்கூட இருக்கலாம். ஆனால் விவசாயியின் வண்டி காலியாக ஓடுவதற்கு வாங்கப்பட்டதன்று. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் உரமூட்டைகளுடன் ஏறும்போது அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டிவரும். கிளட்ச் தேயும். முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கும்போதோ, அதே பிரேக் மிதிக்கு வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் அதே அளவு குறைந்திருக்கும். இது டீசலைவிடப் பெரிய விஷயம்.

ரூபாயில் எவ்வளவு?

ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் 2,500 லிட்டர் டீசல் வேண்டும். மைலேஜ் 5 சதவீதம் குறைந்தால் 132 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12,000 ரூபாய்க்கு மேல். டயரின் கூடுதல் விலை இதில் சேரவில்லை. சொந்த வண்டிக்காரர் இதைத் தம் கையிலிருந்து கொடுக்கிறார். வாடகை வண்டியானாலோ, இந்தச் சுமை நாளடைவில் பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகையில் ஏறி, பத்துப் பெட்டி கொண்டுவரும் சிறு விவசாயியின் தலையில்தான் விழுகிறது. மிடுக்கு ஒருவருக்கு, செலவு மற்றவருக்கு என்பது நியாயமாகாது.

மறுபக்கமும் உண்டு

சேற்றிலும் மணலிலும் அகலமான டயர் நல்ல உதவி செய்யும் என்பதை மறுப்பதற்கில்லை. பாரம் அதிகப் பரப்பில் பரவுவதால் சக்கரம் புதைவது குறையும். ஆற்றுப்படுகையிலும் களிமண் பாதையிலும் தினமும் போய்வருபவருக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால் மழைக்காலத்தில் சில நாள் புதைவதற்காக, ஆண்டு முழுதும் தார்ச்சாலையில் அந்தக் கனத்தை உருட்டிச் செல்வது சிக்கனமாகாது. அந்நாட்களில் டிராக்டர் டிரெய்லரிலோ மாட்டு வண்டியிலோ சரக்கைச் சாலைவரை கொண்டுவந்து மாற்றி ஏற்றலாம். களத்துப் பாதையில் நாலு லோடு கிராவல் கொட்டுவது டயரைவிட நீண்ட நாள் உழைக்கும்.

பெரிய டயர் மாட்டினால் கூடுதல் பாரம் ஏற்றலாம் என்ற எண்ணம் மட்டும் அறவே கூடாது. வண்டி தாங்கும் பாரத்தை முடிவு செய்வது டயர் மட்டுமன்று. அச்சு, பட்டை, பிரேக், சட்டம் எல்லாம் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பதிவுச் சான்றில் உள்ள எடையே வரம்பு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

செய்ய வேண்டியவை

டயர் தேய்ந்தால் கம்பெனி குறித்த அளவிலேயே, அதே பாரக் குறியீடு உள்ளதாக வாங்குங்கள். வாரம் ஒருமுறை, டயர் சூடேறுமுன் காற்றுப் பாருங்கள். காற்று ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருளில் சுமார் 0.2 சதவீதம் வீணாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. பத்துப் பவுண்டு குறைந்த டயருடன் ஓடுகிறவர் பெரிய டயரின் நட்டத்தில் பாதியை அளவான டயரிலேயே அடைந்துவிடுகிறார்.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் மீட்டரை நம்பாமல் அளந்து பார்க்கட்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்களைப் பார்த்து 20 கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டரின் குறை தெரிந்துவிடும். பிறகு டேங்கை நிரப்பி, ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டால் உண்மையான மைலேஜ் கிடைக்கும்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. டயர்களின் உருளும் தடைக்கும் ஈரச் சாலைப் பிடிப்புக்கும் வரம்பு விதித்து மத்திய அரசு 2022-இல் விதி வகுத்தது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் டயர்க் கடைக்கு வரும் விவசாயிக்கு அந்த விவரம் தமிழில் கிடைக்க வேண்டும். உழவு இயந்திரங்களைப் பற்றிச் சொல்லித்தரும் வேளாண் பொறியியல் துறை, தன் பயிற்சிகளில் சரக்கு வண்டிப் பராமரிப்புக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பயன் பெரிது.

விதையையும் உரத்தையும் அளந்து போடும் விவசாயி, சந்தைக்குப் போகும் வழியில் சிந்தும் டீசலையும் அளக்கத் தொடங்க வேண்டும். விலையை நிர்ணயிப்பது நம் கையில் இல்லை. சுமைகூலியைக் குறைப்பதோ பெருமளவு நம் கையில்தான் இருக்கிறது.