அத போன் பாத்துக்கும்!

நம்ம காலேஜ்ல இப்போ பாதிப் பேர் கையில ஸ்மார்ட்வாட்ச் இருக்கு. ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள கலர் டிஸ்ப்ளே, ஹார்ட் ரேட், ப்ளூடூத் காலிங், கூடவே நூறு ஸ்போர்ட்ஸ் மோடு. அந்த நூறுல நாம யூஸ் பண்றது வாக்கிங் ஒண்ணுதான், அதுவும் கேன்டீன் வரைக்கும். ஆனா ஒரு கேள்விய யோசிச்சுப் பாருங்க. அந்த வாட்ச்சை போனோட இணைக்கிற ஆப், நாளைக்கே பிளே ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சுன்னா, உங்க கையில என்ன மிச்சம் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வாட்ச் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. அதன் பெயர் பெபிள். (இதே பேர்ல இப்போ நம்ம ஊர்ல விக்கிறது வேற கம்பெனி வாட்ச். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.) என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பெபிளின் பெரிய பலங்களும் பெரிய பலவீனங்களும் ஒரே முடிவில் இருந்து வந்தவை. அந்த முடிவு: "அத போன் பாத்துக்கும்." எம்பெடட், ஐஓடி என்று ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்யப்போகிற ஒவ்வொருவரும் இந்த வாட்ச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல்ல கதை

எரிக் மிகிகோவ்ஸ்கி கனடாவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர். எக்ஸ்சேஞ்ச் மாணவராக நெதர்லாந்து போயிருந்த நேரத்தில், சைக்கிள் ஓட்டும்போது போனை எடுத்து மெசேஜ் பார்ப்பது அவருக்குத் தொல்லையாக இருந்தது. மெசேஜ் மணிக்கட்டிலேயே தெரிந்தால் என்ன என்று யோசித்தார். முதலில் பிளாக்பெர்ரி போனுக்காக இன்பல்ஸ் என்ற வாட்ச் செய்தார். அடுத்த வாட்ச்சுக்குப் பணம் போட முதலீட்டாளர்கள் முன்வரவில்லை. அதனால் 2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நேராக மக்களிடமே கேட்டார்கள்.

கேட்டது ஒரு லட்சம் டாலர். அது ரெண்டே மணி நேரத்தில் வந்துவிட்டது. மே மாதம் முடிக்கும்போது 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். 2012 செப்டம்பரில் தருவோம் என்று சொன்ன வாட்ச், 2013 ஜனவரியில்தான் கிளம்ப ஆரம்பித்தது. ரெக்கார்டு நோட் சப்மிட் பண்ற நமக்கு இது ஒண்ணும் புதுசில்ல!

பலம்: எதை விட்டார்கள்?

முதல் பெபிளின் விவரங்களைப் பார்த்தால் இன்று சிரிப்பு வரும். 1.26 இன்ச் கறுப்பு வெள்ளை ஸ்கிரீன், 144க்கு 168 பிக்சல். டச் கிடையாது, நாலே நாலு பட்டன். ஸ்பீக்கர் இல்லை, மைக் இல்லை, கேமரா இல்லை, ஜிபிஎஸ் இல்லை. மொத்த ராம் 128 கிலோபைட். ஒரு ஆப்புக்குக் கிடைத்தது 24 கிலோபைட். நம்ம ஃபேமிலி குரூப்பில் வருகிற குட்மார்னிங் படமே அதைவிடப் பெருசு.

பேட்டரி 130 மில்லி ஆம்பியர் அவர். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஏழு நாள் வரை ஓடும் என்றார்கள். எப்படி? ரெண்டு காரணம்.

ஒன்று, ஸ்கிரீன். ஷார்ப் நிறுவனத்தின் மெமரி எல்சிடி அது. ஒவ்வொரு பிக்சலும் தன் நிலையைத் தானே ஞாபகம் வைத்துக்கொள்ளும். படம் மாறாதவரை அந்த ஸ்கிரீனுக்கு வேண்டிய கரண்ட் மிகக் குறைவு. வெளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி வேலை செய்வதால், உச்சி வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும். இருட்டில் மட்டும் கையை ஒரு உதறு உதறினால் பேக்லைட் எரியும்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது: வேலைப் பங்கீடு. ஒரு வானிலை வாட்ச்ஃபேஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீனில் வரைவது வாட்ச்சில் ஓடும் சின்ன சி ப்ரோகிராம். நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிப்பது, இன்டர்நெட்டில் போய் வெப்பநிலையை எடுத்து வருவது, வந்த டேட்டாவில் தேவையானதை மட்டும் பொறுக்குவது, இது எல்லாம் போனில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். ப்ளூடூத் வழியாக வாட்ச்சுக்கு வருவது "33, வெயில்" என்கிற அளவுக்குத்தான். பெரிய பேட்டரி இருக்கிறவன் பெரிய வேலையைச் செய்யட்டும், சின்னவன் காட்டினால் போதும். அவ்வளவுதான் தத்துவம்.

இதன் அருமை தெரிய வேண்டுமென்றால் அதே 2013 செப்டம்பரில் வந்த சாம்சங் கேலக்ஸி கியரைப் பக்கத்தில் வையுங்கள். 320க்கு 320 கலர் ஸ்கிரீன், 512 எம்பி ராம், ஸ்ட்ராப்பில் 1.9 மெகாபிக்சல் கேமரா, 315 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி. விலை 299 டாலர். பெபிள் 150 டாலர். பேட்டரி ரெண்டு மடங்குக்கு மேல், ஆனால் ஓடியது ஒரு நாள் சுமாருக்குத்தான். அதுவும் சாம்சங்கின் சொந்த சாதனங்கள் சிலவற்றோடு மட்டும் சேரும். பெபிள் ஐபோனோடும் சேரும், ஆண்ட்ராய்டோடும் சேரும்.

இன்னொரு பலம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கானது. கிளவுட்பெபிள் என்று ஒரு தளம் இருந்தது. எதையும் இன்ஸ்டால் பண்ணாம பிரவுசர்லயே சி கோடு எழுதி, அங்கேயே கம்பைல் பண்ணி, வாட்ச்சுக்கு அனுப்பலாம். 24 கிலோபைட்டுக்குள் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வேறு. மெமரி மேனேஜ்மென்ட்டை அஞ்சு மார்க் கேள்வியா மட்டும் பார்த்த நமக்கு, இதைவிட நல்ல லேப் கிடைக்காது.

பலவீனம்: யாரை நம்பினார்கள்?

இப்போது அதே வாக்கியத்தைத் திருப்பிப் படியுங்கள். "அத போன் பாத்துக்கும்." சரி, போன் பாத்துக்கலன்னா?

போனை ரூமில் சார்ஜில் போட்டுவிட்டு மாடி இறங்கினால் ப்ளூடூத் எல்லை தாண்டிவிடும். அதன்பிறகு மணி காட்டும், அலாரம் அடிக்கும், வாட்ச்சிலேயே முழுசாக ஓடும் ஆப்கள் ஓடும். மெசேஜ், வானிலை எதுவும் வராது. இதையாவது மன்னிக்கலாம், போன் நம்மை விட்டு எங்கே போகப்போகுது?

ஐபோன் கதை வேற. ஆரம்பத்தில், மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷனை வெளி வாட்ச்சுக்குக் கொடுக்க ஐபோனில் ஒழுங்கான வழியே இல்லை. ப்ளூடூத் ஒரு முறை அறுந்தால், செட்டிங்ஸில் போய் மறுபடி ஆன் செய்தால்தான் சிலது வரும். 2013 இறுதியில் ஐஓஎஸ் 7 வந்து, அதற்கேற்ப பெபிள் அப்டேட் கொடுத்த பிறகுதான் இது சரியானது. பெபிள் இன்ஜினியர்கள் ராத்திரி பகலா உட்கார்ந்து கோடு எழுதினாலும் ஆப்பிள் கதவைத் திறக்கும் வரை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வேலையைப் போனிடம் கொடுத்தபோது, போன் செய்கிறவர்களிடம் சாவியையும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் போன் கம்பெனியே 2015-ல் சொந்தமாக ஒரு வாட்ச்சோடு வந்து போட்டிக்கு நின்றது.

நம்ம பக்கத்து வருத்தம் ஒன்று. முதல் பெபிளில் இருந்த ஃபான்ட்டில் தமிழ் கிடையாது. அம்மா தமிழ்ல மெசேஜ் அனுப்பினா வாட்ச்ல வரிசையா கட்டம் கட்டமாத்தான் வரும். போனில் அதே மெசேஜ் அழகாகத் தெரியும். அதாவது, போன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளவில்லை. எழுத்தை வரைகிற வேலை வாட்ச்சிடம் இருந்தது, அந்த வேலைக்கு நம்ம மொழி கணக்கில் இல்லை.

பெரிய அடி கடைசியில் வந்தது. 2016 டிசம்பரில் பெபிளின் முக்கிய சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது. வாட்ச் தயாரிப்பு நின்றது. 2018 ஜூன் 30-ஆம் தேதியோடு ஆப் ஸ்டோர் உள்ளிட்ட பெபிள் சர்வர்களை அணைத்தார்கள். போனை நம்பியவர்கள், போனுக்குப் பின்னால் ஒரு சர்வரையும் நம்பியிருந்தார்கள்.

ஆனால் கவனியுங்கள், வாட்ச் அன்று செங்கல் ஆகிவிடவில்லை. மணி, அலாரம், ஏற்கெனவே ஏற்றிய வாட்ச்ஃபேஸ், போனிலிருந்து நேராக வரும் நோட்டிஃபிகேஷன் எல்லாம் தொடர்ந்து வேலை செய்தன. ஏனென்றால் அவற்றுக்கு சர்வர் தேவையே இல்லை. மிச்சத்தை ரெபிள் என்ற ரசிகர் குழு தன் சொந்த சர்வரில் தூக்கி நிறுத்தியது. ஆண்ட்ராய்டில் கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப், கம்பெனி ஆப் இல்லாமலே பெபிளோடு பேசியது. ஃபிட்பிட்டை வாங்கிய கூகுள், 2025 ஜனவரியில் பெபிள் ஓஎஸ்ஸின் சோர்ஸ் கோடையே வெளியிட்டது. அதை வைத்து மிகிகோவ்ஸ்கி மறுபடியும் வாட்ச் செய்ய இறங்கினார்.

"இதெல்லாம் பழைய கதை, இப்போ வாட்ச்லயே சிம் இருக்கு, ஈசிஜி எடுக்குது" என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் பங்கீடு போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு "போன் பாத்துக்கும்" என்றோம், இப்போ "கிளவுட் பாத்துக்கும்" என்கிறோம். முன்பாவது அந்தப் போன் நம்ம பாக்கெட்டில் இருந்தது.

நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வருவோம்

ஐஓடி ப்ராஜெக்ட் என்றால் நம்மிடம் ஒரு ரெடிமேட் டெம்ப்ளேட் இருக்கிறது. ஒரு சென்சார், ஒரு இஎஸ்பி 32 போர்டு, வைஃபை, ஃப்ரீ அக்கவுன்ட்டில் ஒரு கிளவுட் டேஷ்போர்டு. கேஸ் லீக் அலாரம்னு வச்சுக்கோங்க. சென்சார் அளவை கிளவுடுக்கு அனுப்புகிறது. லிமிட்டைத் தாண்டியதா என்று கிளவுட் பார்க்கிறது. தாண்டினால் போனுக்கு நோட்டிஃபிகேஷன். டெமோவில் பிரமாதமாக ஓடும். வைஃபை போன அன்று வீட்டில் கேஸ் லீக் ஆனால்? சென்சாருக்குத் தெரியும், வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. "இவ்வளவு தாண்டினால் பஸ்ஸர் அடி" என்ற ஒரு இஃப் கண்டிஷன், அதை போர்டிலேயே எழுத ரெண்டு வரி போதும். அந்த ரெண்டு வரி எங்கே ஓடுகிறது என்பதில் ஒரு உயிர் இருக்கலாம்.

பெபிளிடம் நான் எடுத்துக்கொள்கிற பாடம் ரெண்டு. வேலையைப் பிரித்துக் கொடுப்பது தப்பே இல்லை. அப்படிக் கொடுத்ததால்தான் 130 மில்லி ஆம்பியரில் ஒரு வாரம் ஓடியது. ஆனால் உயிர்நாடி வேலை எதுவோ அது கையிலேயே இருக்க வேண்டும். வாட்ச்சுக்கு அது மணி காட்டுவது. கேஸ் அலாரத்துக்கு அது சத்தம் போடுவது. டேஷ்போர்டு, கிராஃப், போன் ஆப், எல்லாத்தையும் தாராளமா வெளிய கொடுங்க, நின்னுபோனாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது.

ஜீரோத் ரிவ்யூவில் பேனல் எப்பவும் "நாவல்ட்டி என்னப்பா?" என்றுதான் கேட்கும். நாமும் பயந்துபோய் இன்னும் ஒரு சென்சார், இன்னும் ஒரு மெஷின் லேர்னிங் மாடல் என்று ஒட்டிக்கொண்டே போவோம். அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஸ்லைடு சேர்க்கலாம். ரெண்டு காலம் போட்ட ஒரு டேபிள். இடது பக்கம், நெட், போன், சர்வர் எல்லாம் இருக்கும்போது என்ன வேலை செய்யும். வலது பக்கம், அத்தனையும் போன பிறகு என்ன வேலை செய்யும். வலது பக்கம் காலியாக இருந்தால் டிசைனை மாற்றுங்கள், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒரு வரியாவது இருந்தால், பேனல் முன்னாடி தைரியமா நில்லுங்க. அந்த ஒரு வரிதான் உங்க ப்ராஜெக்ட்.