விரிசலைக் கண்டால் யாரிடம் சொல்வது?

யாழ்ப்பாணத் தீவுகளுக்குப் படகேறும் குறிகட்டுவானில் பஸ் நின்றதும் எல்லோரும் ஓடுவார்கள். பாடப் புத்தகங்களோடு ஆசிரியைகள், கிளினிக் கொப்பியோடு முதியவர்கள், அரிசி மூட்டையோடு கடைக்காரர், கமெராவோடு தென்பகுதிச் சுற்றுலாப் பயணிகள். இந்தப் படகை விட்டால் அடுத்தது எப்போது என்பதைக் காற்றும் கடலும்தான் சொல்லவேண்டும். அந்த ஓட்டத்தில், ஏறப்போகும் படகுக்கு எத்தனை வயது, அது கடைசியாக எப்போது கரையேற்றிப் பார்க்கப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

ஒரு சோளகக் காலத்துப் பயணம் எனக்கு மறக்காது. படகின் பெயர் வேண்டாம். கீழ்த்தட்டில் இருந்தேன். வெளியே புதிதாக நீலப் பூச்சு. உள்ளே, என் காலடியில், பலகைப் பொருத்து ஒன்று ஈரமாகக் கறுத்திருந்தது. அலை அடிக்கும்போதெல்லாம் அதன் வழியே நூல்போல நீர் இறங்கியது. பக்கத்தில் இருந்த ஆச்சியும் அதைக் கண்டுவிட்டார்.

“தம்பி, தண்ணி உள்ளுக்க வருதெல்லோ?”

“அது எப்பவும் வாறதுதான் அம்மா. பயப்பிடாதேங்கோ, பம்ப் இருக்கு.”

ஆச்சி தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கரை சேர்ந்தோம். பதில் சொன்ன படகுப் பெடியனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. ‘எப்பவும் வாறதுதான்’ என்பது அவனுக்கு அனுபவம். தீவார் எல்லோருக்கும் இன்று அதுதான் பாதுகாப்புச் சான்றிதழ்.

இந்தச் சொல்லின் விலையை உலகம் விமானத்தில் கற்றுக்கொண்டது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் புறப்பட்ட அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்றின் முன்பகுதிக் கூரை, 24,000 அடி உயரத்தில், ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றோடு போனார். விமானிகள் அந்த விமானத்தை மௌயித் தீவில் இறக்கி மற்றவர்களைக் காப்பாற்றினார்கள். அதற்கு வயது 19. ஆனால் கணக்கு வயதில் இருக்கவில்லை. தீவுக்குத் தீவு குட்டிக் குட்டிப் பறப்புகளாக அது 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. ஒவ்வொரு தடவையும் உடல் காற்றழுத்தத்தில் உப்பி வற்றியது. உப்புக் காற்று தகட்டுப் பொருத்துகளை அரித்தது. ஆணித்துளைகளைச் சுற்றி முடியளவு விரிசல்கள் பரவின. பராமரிப்பில் அவை பிடிபடவில்லை.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு சிறு செய்தி எனக்குப் பெரிதாகப்பட்டது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி உடற்தகட்டில் விரிசலைக் கண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. கண்டவர் சொல்லாமல் விட்டதை அங்கே விசாரணை பதிந்தது. 1991இல் பழைய விமானங்களின் பாதுகாப்புக்கென்றே அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. வயது கூடக்கூட பரிசோதனையும் கூடவேண்டும் என்பதே அதன் சாரம்.

எங்கள் தீவுகளுக்கு விமானம் இல்லை. குறுந்தூரம், உப்பு, ஓயாத ஓட்டம் மூன்றும் உண்டு. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி நேரம். நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். போகவும் வரவும் ஒவ்வொரு தடவையும் படகு இறங்குதுறையில் தொங்கும் ரயரில் முட்டுகிறது, இயந்திரம் உலுக்குகிறது, மேற்பலகை வெயிலில் சுருங்க அடிப்பலகை தண்ணீரில் ஊறுகிறது. பலகை இடுக்கில் திணித்த கலப்பத்து தளர்கிறது. ஆணி உள்ளுக்குள் துருப்பிடித்து மெலிகிறது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு வெளியே ஊசித்துளை அளவு அடையாளம் வைத்துவிட்டு உள்ளே சுரங்கம் வெட்டுகிறது. மேலே பைபர் போர்த்திய மரமானால் இன்னும் மோசம். ஈரம் உள்ளே அடைபட்டு மரம் உக்கினாலும் வெளியே பளபளப்பாகவே இருக்கும். இரும்புப் படகில் துரு பூச்சுக்கு அடியில் வேலை செய்யும். தகட்டின் தடிப்பை மீயொலிக் கருவியால் அளந்தால்தான் தெரியும். புதுப் பூச்சைக் கண்டு ஏறும் பயணிக்கு இதில் எதுவும் கண்ணில் படாது.

குமுதினியை நெடுந்தீவார் ஒரு படகாக மட்டும் பார்ப்பதில்லை. 1985 மே 15 அன்று கடல் நடுவே அதில் குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் மாவிலித்துறையில் அவர்களுக்கு விளக்கேற்றப்படுகிறது. அந்தப் படுகொலைக்குப் பிறகும், பலமுறை கரையேறிப் பழுது பார்க்கப்பட்டு, குமுதினி மக்களைச் சுமந்தது. அதன்மேல் எங்களுக்கு உள்ளது பாசம். 1985இலேயே சேவையில் இருந்த படகுக்கு இன்று குறைந்தது 40 வயது. பாசம் ஏராக்கட்டையைத் தாங்காது. பின்னர் வடதாரகை வந்தது. 2017 ஜனவரியில் நெடுந்தாரகை வந்தது. மாலை போட்டு வரவேற்றோம். ஆனால் படகு வாங்குவது ஒருநாள் செலவு. டீசல், பணியாளர், உதிரிப் பாகம், கரையேற்றல் எல்லாம் ஆயுள் முழுதும் தொடரும் செலவு. சின்னஞ்சிறு பிரதேச சபையின் வருமானத்துக்கு அது பனையளவு பாரம்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நேர்மையான பரிசோதகர் ஒருவர் வந்து, “இந்தப் படகு ஓடக்கூடாது” என்று எழுதிக் கையெழுத்து வைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நாலாயிரம் பேர் வரையில் வாழும் நெடுந்தீவுக்கு ஆசிரியர் எப்படிப் போவார்? பேறுகால வலி கண்ட பெண் எப்படி வருவாள்? அவசர நோயாளிக்குக் கடற்படையின் படகு வரும். மரக்கறிக்கும் மாணவருக்கும் வராது. அதனால் பரிசோதகரின் பேனா தயங்குகிறது, அதிகாரி “இந்த மாதம் ஓடட்டும்” என்கிறார், நாங்களும் “நிற்பாட்டிப் போடாதேங்கோ” என்றுதான் கேட்கிறோம். மாற்றுப் படகு இல்லாத துறையில் தகுதிச் சான்றிதழுக்குப் பெறுமதி இல்லை.

மாற்று இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா சாட்சி. குறிஞ்சாக்கேணிப் பாலம் கட்டுமான வேலைக்காக மூடப்பட்டது. பதிலுக்கு உருப்படியான போக்குவரத்து ஒழுங்கு செய்யப்படவில்லை. மிதவைகளைப் பிணைத்த, ‘பாதை’ எனப்படும் படகில் சனம் ஏறியது. 2021 நவம்பர் 23 காலை, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், அது கவிழ்ந்தது. பிள்ளைகள் நால்வர் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தார்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே பாதையில் ஏறிப் பழகிய எங்களுக்கு அந்தச் செய்தியை வெறும் செய்தியாக வாசிக்க முடியவில்லை. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேரைக் கொன்றது, மீன்பிடிப் படகை மாற்றியமைத்த உல்லாசப் படகு. உடலை மாற்றினால், மேல்தட்டு கட்டினால், இயந்திரத்தை மாற்றினால் படகின் நிலைப்பும் மாறும். எடையை இடம் மாற்றிச் சாய்வை அளக்கும் சோதனை செய்யாமல் அது எத்தனை பேரைத் தாங்கும் என்று சொல்லமுடியாது. ஆனி மாத நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவிலும் நாகவிகாரைக்கு யாத்திரிகர் குவியும் போயா நாட்களிலும் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இருக்கிற இடமா, அளந்த கணக்கா?

பொறுப்பு யாருடையது என்று தேடினால் கடல் ஒன்று, கந்தோர் பல. குமுதினியும் வடதாரகையும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. நெடுந்தாரகை பிரதேச சபையோடு சேர்ந்தது. நயினாதீவுக்கு ஓடுபவை பெரும்பாலும் தனியார் படகுகள். அந்தத் தீவோ வேலணைப் பிரதேசத்துக்குள் வருகிறது. அனலைதீவும் எழுவைதீவும் ஊர்காவற்றுறையோடு. கப்பல்களின் தகுதியைப் பார்க்கும் வணிகக் கப்பற்றுறைச் செயலகம் கொழும்பில். கடலில் காவல் கடற்படை. ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வசதியான ஏற்பாடு.

செய்யவேண்டியவை நடக்காத காரியங்கள் அல்ல.

முதலாவது, மாற்றுப் படகு. குறிகட்டுவானுக்கும் ஊர்காவற்றுறைக்கும் பொதுவாக ஒரு படகு, பணியாளரோடு, எப்போதும் தயாராக இருக்கவேண்டும். அதன் செலவைப் பிரதேச சபையின் தலையில் கட்டாமல் மத்திய அரசும் மாகாண சபையும் ஏற்கவேண்டும். கண்டி வீதிக்குத் தார் போடுவது தானம் இல்லையென்றால், எங்கள் கடல் வீதிக்குப் படகு விடுவதும் தானம் இல்லை.

இரண்டாவது, ஆண்டுக்கொரு கரையேற்றல். கச்சதீவுத் திருவிழா முடிந்து சோளகம் எழும்புவதற்கு இடையே உள்ள அமைதியான வாரங்கள் இதற்கு வாய்ப்பானவை. மாற்றுப் படகு இருந்தால் முறை வைத்து ஒவ்வொன்றாக ஏற்றலாம். 20 வயது தாண்டியதற்கு ஆண்டில் இருமுறை. பலகையைத் தட்டிப் பார்க்கவும், ஆணியைக் கழற்றிப் பார்க்கவும், தகட்டை அளக்கவும் வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பொறியியலாளரோடு எங்கள் கரையோர மேத்திரிமாரும் நிற்கட்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கரை இது. மரத்தின் நோயை ஓசையில் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, ஒரு பலகை. ஒவ்வொரு இறங்குதுறையிலும், மூன்று மொழிகளிலும், ஒவ்வொரு படகின் பெயருக்கு எதிரே: கட்டிய ஆண்டு, கடைசியாகக் கரையேற்றிய திகதி, அடுத்த திகதி, ஏற்றக்கூடிய ஆட்கள், ஏற்றக்கூடிய சாமான் நிறை. இதற்குக் கோடிகள் தேவையில்லை; பூச்சும் தூரிகையும் போதும். எழுதிப் போடத் தயங்கும் கந்தோர் எதை மறைக்கிறது என்று ஊர் தானே புரிந்துகொள்ளும்.

கடைசியாக, அந்தப் பலகையின் அடியில் ஒரு தொலைபேசி இலக்கம். நீர் கசிவதைக் கண்டவர் அழைக்கலாம்; முறைப்பாட்டுக்கு எண் கிடைக்கவேண்டும்; ஏழு நாளுக்குள் பார்த்த முடிவை அதே பலகையில் எழுதவேண்டும். சொன்னவரை அடுத்தமுறை படகில் ஏற்றாமல் விடும் சின்னத்தனத்துக்கு இடமிருக்கக்கூடாது.

ஹிலோவில் விரிசலைக் கண்ட பயணி ஏன் சொல்லவில்லை என்று முதலில் வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்போது இல்லை. கீழ்த்தட்டில் ஈரப் பலகையைப் பார்த்தபடி வாய் மூடி வந்தவன் நான். ஆச்சியாவது ஒரு வார்த்தை கேட்டார். அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பெடியனும் ஒரு பம்பும் மட்டும் இருந்தது போதாது.